டே பாஸில் மலைக்குப் போன கார்மேகம்

கார்மேகம் அண்ணன் காசு கொடுத்த எதையும் மிச்சம் வைக்க மாட்டார். கிளினிக்கில் டோக்கன் எடுத்தால், தன் இடுப்பு வலியைச் சொல்லி முடித்த கையோடு பக்கத்துக் கட்டில்காரனின் மூலத்துக்கும் மருந்து கேட்பார். "டோக்கன் போட்டாச்சுல்ல டாக்டர், சேத்தே பாத்துவிட்ருங்க." டாக்டர் முறைப்பார். இவர் நாற்காலியை விட்டு அசைய மாட்டார். முதுகுளத்தூர்ப் பக்கம் சொந்த ஊர், துபாயில் கம்பி கட்டும் வேலை, அல்கூஸ் தொழிலாளர் கேம்பில் என் கட்டிலுக்கு மேல் கட்டில். இந்த மனிதரோடு ஒரே ரூமில் குப்பை கொட்டியதற்கு எனக்குக் கோயில்தான் கட்ட வேண்டும்.

2009 டிசம்பர். மெட்ரோ ரயில் ஓட ஆரம்பித்த புதிது. அதன் தூண்களுக்குக் கம்பி கட்டியவர்களில் அண்ணனும் ஒருவர். ஆனால் ரயிலில் ஏறிப் பார்த்ததில்லை. அப்போதுதான் யாரோ அவர் காதில் டே பாஸ் பற்றி ஓதிவிட்டார்கள். ஒரு பாஸ் எடுத்தால் அன்று முழுக்க ரயிலிலும் பஸ்ஸிலும் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். அண்ணனுக்குத் தூக்கம் போய்விட்டது.

"தியாகு, அந்தப் பாஸ வச்சுக்கிட்டு ரொம்பத் தூரமாப் போற எடம் எதுப்பா?"

"ஹத்தா. மலையூரு. பஸ் போவுது."

மலை என்றதும் மனிதர் முகம் மாறியது. காரணம் கனகா. வருகிற தையில் இருவருக்கும் கல்யாணம். லீவும் கிடைத்துவிட்டது. பெண்ணைப் பார்த்து முடிவு செய்தது அவர் அம்மா. அண்ணன் போட்டோவில் பார்த்ததோடு சரி. வாரா வாரம் போன் போடுவார். இவர் வாய் வலிக்கப் பேசினால் அந்தப் பக்கம் "ம்" என்று ஒன்று வரும். அவ்வளவுதான்.

"பிடிச்சுத்தான் சம்மதிச்சுச்சா, இல்ல வீட்ல அமுக்கிட்டாய்ங்களா, ஒண்ணும் தெரியலையேப்பா" என்று என்னைப் படுத்தி எடுப்பார். எனக்கென்ன தெரியும்? என் பெண்டாட்டி பேச ஆரம்பித்தால் போன் கார்டு தீர்ந்துதான் நிற்கும். ஒரே ஒரு தடவை அந்தப் பெண், "அங்க மலையெல்லாம் உண்டா?" என்று கேட்டிருக்கிறது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மலைக்கு முன்னால் நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பிவிட்டால் அதன் மனசு இளகிவிடும் என்று அண்ணன் நம்பினார்.

எங்களுக்கு வெள்ளிக்கிழமை ஒன்றுதான் லீவு. கேம்ப் வாசலில் மளிகைக்கடை வைத்திருந்த கீழக்கரை கௌஸ் முகைதீன் பாயையும் கூட்டிக்கொண்டோம். அரபி, இந்தி எல்லாம் அத்துப்படி அவருக்கு. "ஜும்மாவ ஹத்தாவுல தொழுதுக்கிடுறேன், வாங்க" என்று கடையைச் சாத்திவிட்டு வந்தார்.

டேரா பஸ் ஸ்டாண்டில் பாஸ் வாங்கிக்கொண்டு மெட்ரோ ஸ்டேஷனுக்குப் போனால் கதவு மூடிக் கிடந்தது. வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மேல்தான் ரயிலாம். அண்ணனுக்கு வந்ததே கோபம்!

"அப்பறம் என்னாத்துக்கு முழு நாள் பாஸு? அரை நாள ஆட்டையப் போட்டாய்ங்களே!"

வாசலில் நின்ற நேபாளி வாட்ச்மேனுக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. பல்லைக் காட்டினான். போகாத ரயிலுக்கு ஈடாக, ஒரு டவுன் பஸ்ஸில் ஏற்றி எங்களை டேராவையே ஒரு சுற்று சுற்ற வைத்தார் அண்ணன். அதற்குப் பிறகுதான் ஹத்தா பஸ்.

மணல் குறைந்து கல்மலைகள் தலைகாட்டத் தொடங்கின. அண்ணன் மங்கி குல்லாவை மாட்டிக்கொண்டு தயாரானார். அப்போது அவர் போனில் ஒரு மெசேஜ் வந்தது.

"இங்கிலீசுல வந்துருக்கு. என்னான்னு பாரு."

பார்த்தேன். வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம். "வெல்கம் டு ஓமன்னு போட்ருக்கு. ஓமன் வந்துட்டோம் போலருக்கு அண்ணே."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பாஸ்போர்ட் எல்லாம் கம்பெனி பீரோவில் இருக்கும். ஊருக்குப் போகும்போதுதான் கையில் தருவார்கள். எக்சிட் முத்திரை இல்லாமல் எல்லையைத் தாண்டியவனை ஓடிப்போனவன் என்று எழுதி, விசாவை அடித்து, ஜெயிலில் போட்டுவிடுவார்கள் என்பது கேம்பில் எல்லாரும் எல்லாருக்கும் சொல்லும் கதை.

"பாஸ்போர்ட்டு அங்க, நான் இங்கயா! பாய், ரோக்கோ! ரோக்கோ!"

பாகிஸ்தான்காரப் பட்டாணி டிரைவர் பதறிப்போய் நிறுத்தினார். அண்ணன் குதித்தே விட்டார்.

"எறங்குப்பா தியாகு. பாஸ் இருக்குல்ல, அடுத்த பஸ்ஸுல போவோம்" என்றார் கௌஸ் பாய். "இவர விட்டா எங்கயாச்சும் பாஞ்சுருவாரு."

வந்த வழியே துபாயைப் பார்த்து அண்ணன் விறுவிறுவென்று நடந்தார். குளிர்காற்று மூஞ்சியில் அறைந்தது. நாலு எட்டுக்கு ஒரு தடவை போனைத் தலைக்கு மேல் தூக்கி, "நம்ம சிக்னல் வந்துருச்சா பாரு" என்றார். சிக்னல் வந்தால் நாடு வந்துவிட்டது என்று அர்த்தமாம். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. என் பாஸ்போர்ட்டும் அதே பீரோவில்தானே இருக்கிறது!

ஒரு போலீஸ் ஜீப் வந்து நின்றது. ஓமன் போலீஸ்காரர், சின்ன வயசு. இறங்கி சலாம் சொன்னார். அவர் எதுவும் கேட்பதற்கு முன்பே அண்ணன் டே பாஸை எடுத்து நீட்டினார்.

"ஃபுல் டே சார்! ஆல் பஸ்! ஓமன் மாஃபி சார், ஓமன் மாஃபி!"

மாஃபி என்றால் அரபியில் இல்லை என்று அர்த்தம். போலீஸ்காரர் பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கௌஸ் பாய் அரபியில் எடுத்துச் சொல்லத் தொடங்கினார். அந்த இடைவெளியில் அண்ணன் தள்ளிப் போய் போன் போட்டுவிட்டார். கனகாவுக்கு.

போலீஸ்காரர் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். இந்த ரோடு கொஞ்ச தூரம் ஓமனுக்குள் புகுந்து மறுபடி எமிரேட்ஸுக்குள் போகிறதாம். தினமும் எல்லாரும் போகிறார்கள், வருகிறார்கள், யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லையாம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அண்ணே, ஒண்ணும் இல்லையாம்!" என்று கத்தினேன். அவர் திரும்பாமலே, சும்மா இரு என்று கையை ஆட்டினார்.

"இல்லம்மா, போலீசு புடிச்சிருச்சு. என்னய உள்ள வச்சிருவாய்ங்க. நீ வீட்ல சொல்லி வேற எடம் பாத்துக்க. ஒனக்கும் என்னயப் பிடிக்கலைன்னுதான் நெனைக்கிறேன். நல்லதாப் போச்சுன்னு வச்சுக்க."

குரல் உடைந்துவிட்டது. அந்தப் பக்கம் வெடித்தது பாருங்கள், தள்ளி நின்ற எங்களுக்கும் கேட்டது.

"யாரக் கேட்டு வேற எடம் பாக்கச் சொல்றீங்க? ஊரு பூராம் பத்திரிக்கை வச்சாச்சு. பிடிக்கலைன்னு நான் சொன்னேனா? எங்கம்மா பக்கத்துலயே ஒக்காந்து காதக் குடுத்துக்கிட்டு இருக்கும், நான் என்னத்தப் பேச? இப்பக் கேட்டாலும் கேக்கட்டும். அந்தப் போலீசுகிட்ட போனக் குடுங்க, நான் பேசுறேன். பாஸ்போர்ட்டு தரலைன்னா நடந்து வாங்க. தையில நீங்க இங்க நிக்கணும், சொல்லிப்புட்டேன்!"

அதோடு வைத்துவிட்டது. அண்ணன் குல்லாவைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். யார் அது என்று போலீஸ்காரர் கேட்டார். கல்யாணப் பெண் என்றார் கௌஸ் பாய். "மப்ரூக்!" என்று வாழ்த்தி அண்ணன் தோளில் தட்டிவிட்டு அவர் ஜீப்பில் ஏறிப் போனார்.

"அண்ணே, யாரும் நம்மளப் புடிக்கலை. அந்தப் பொண்ணு பாவம், பயந்துபோயி இருக்கும். மொதல்ல போனப் போட்டு அதச் சொல்லுங்க" என்றேன்.

அண்ணன் என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தார்.

"வாய மூட்றா. இன்னொரு தடவ நல்லாத் திட்டட்டும். அப்பறம் சொல்லிக்கிறலாம்."

சொல்லிக்கொண்டே மறுபடியும் அவள் நம்பரை அழுத்தினார்.