புடவையா, ஆஸ்பத்திரியா?

குளியலறையில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்த அம்மாவோடு, இன்று காலை வாலாஜாபாத்திலிருந்து காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினேன்.

ஒரு ஆட்டோக்காரர் ஓடி வந்தார். "புடவையாமா, ஆஸ்பத்திரியா?"

புடவைக் கடைக்கு ஆள் கொண்டுபோனால் ஆட்டோவுக்குக் கமிஷன் என்பது தெரிந்ததுதான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. "ஆஸ்பத்திரிக்குமா கமிஷன்?"

"முன்னல்லாம் புடவைக் கடைங்க மட்டும்தாம்மா. இப்ப தெருவுக்குத் தெரு ஆஸ்பத்திரி, ஸ்கேன் சென்டர்னு வந்துக்கினே இருக்குது. அதுலயும் சில பேரு குடுக்குறாங்க" என்றார், ஒளிக்காமல்.

பிறகு அம்மாவின் வீங்கிய மணிக்கட்டைப் பார்த்தார்.

"நீங்க பெரியாஸ்பத்திரிக்கே வாங்கமா. அங்க எனக்கு ஒண்ணும் கெடைக்காது. ஆனா எலும்புக்கு நல்லா பாக்குறாங்க."

சீட்டு வாங்கும் வரிசையிலும் அவரே நின்றார். எக்ஸ்ரே, மாவுக்கட்டு எல்லாம் மதியத்துக்குள் முடிந்தது. ஒரு பைசா செலவில்லை.

"பஸ் ஸ்டாண்டுக்கே வுட்றவாமா?" என்றார். புடவையைப் பற்றி மூச்சே விடவில்லை.

அம்மாதான் ஆரம்பித்தார். "கைதாம்பா ஒடைஞ்சிருக்குது, கண்ணு நல்லாத்தான் இருக்குது. உனக்குக் கமிஷன் குடுக்குற கடையாப் பாத்து வுடு."

இதைக் கடையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அம்மா ஒற்றைக் கையால் மொத்த அலமாரியையும் இறக்கவைத்துவிட்டார். கமிஷன் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று ஒரு ஆட்டோக்காரருக்காக வேண்டிக்கொண்டவர்கள் இங்கே வேறு யாராவது உண்டா?