ரயிலுக்குச் செய்த அர்ச்சனை

இதை எழுதுவதா விடுவதா என்று பல வருடமாக இழுபட்டுக்கொண்டிருந்தேன். பேனையை எடுப்பேன், பிறகு தேவாரப் புத்தகத்துக்குள் செருகி வைத்துவிடுவேன். பத்தாம் வகுப்போடு நின்றவன் நாடுகளின் சங்கதி எழுத வெளிக்கிட்டால் சிரிப்பார்களே என்ற கூச்சம் ஒன்று. அறைக்குள் கண்டது அறையோடு கிடக்கவேண்டும் என்று அன்றைய மனேஜர் சொன்ன சொல் இன்னொன்று. மனேஜரும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனாலும் நாடுகளின் பெயரைச் சொல்லமாட்டேன்; நீங்களும் துருவாதீர்கள்.

போன மாதம் கடைசி மகளின் கலியாணத்துக்கு ஸ்காபரோவில் மண்டபம் பார்க்கப் போனோம். அங்கே ஒருத்தர் மேசைவிரிப்புக்கு நீராவி பிடித்துக்கொண்டிருந்தார். ஈரத்துணி சூடேறுகிற அந்த மணம் மூக்கில் ஏறியதும், மகள் சாப்பாட்டு விலை பேசியது ஒன்றும் என் காதில் விழவில்லை. நான் தொண்ணூறுகளுக்குப் போய்விட்டேன். ரொறன்ரோ நகரத்து ஹோட்டல் ஒன்றின் கூட்ட மண்டபத்தில், பச்சை விரிப்புக்கு நீராவி பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது நகரத்துக்குள்ளேயே, சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் குடியிருப்பில் இருந்தோம். வேலைக்கு நடந்தே போய்விடுவேன். மேசை போடுவது, கதிரை அடுக்குவது, தண்ணீர் வைப்பது, இவ்வளவும்தான் என் உத்தியோகம். கூட வேலை செய்தவன் மன்னாரைச் சேர்ந்த அன்ரன். என் விபூதியை அவன் பகிடி பண்ணுவான், அவன் செபமாலையை நான் பகிடி பண்ணுவேன். ஆனால் இரண்டு பேரும் கும்பிடாமல் வேலை தொடங்கியதில்லை.

ஒரு பனிக்காலத்தில் அந்த மண்டபத்தில் பெரிய மாநாடு ஒன்று வந்தது. தூரதேசத்துச் சின்ன நாடு ஒன்றுக்கு ரயில்பாதை வேண்டும். அதற்குக் கடன் கொடுக்க இரண்டு பெரிய நாடுகள் வந்திருந்தன. நான்தான் கொடுப்பேன் என்று இவர், இல்லை நான்தான் என்று அவர். கடன் கேட்டு அலைகிறவர்களை நான் கண்டிருக்கிறேன், நானே அலைந்தும் இருக்கிறேன். கடன் கொடுக்க அடிபடுகிறவர்களை அன்றுதான் கண்டேன்.

முதல் நாளே வாசலில் பிரச்சினை. ஒருவருக்குப் பின்னால் மற்றவர் நுழையமாட்டாராம். ஆகவே ஒரு நாட்டுக்கு வடக்கு வாசல், மற்றதுக்குத் தெற்கு வாசல். இரண்டு வாசலும் போய்விட்டதால், ரயில் வேண்டிய சின்ன நாட்டுக்காரர், சமையல் சாமான் வருகிற எங்கள் குசினி வாசலால் வந்தார்கள். பிறகு மேசைப் பிரச்சினை. நீள மேசை போட்டோம், தலைமாட்டில் யார் இருப்பது என்று தகராறு. வட்ட மேசை போட்டோம், கதவைப் பார்த்து யார் இருப்பது என்று தகராறு. மத்தியானம் வரை தண்டவாளத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"அண்ணை, இவையள் றெயிலுக்கு அடிபடினமோ, கதிரைக்கு அடிபடினமோ?" என்றான் அன்ரன்.

எனக்கு அது விளங்காத சண்டை இல்லை. எங்கள் ஊர்க் கோயிலில் தேர்த் திருவிழா உபயத்துக்கு இரண்டு குடும்பங்கள் இப்படித்தான் நின்றன. தேருக்குக் காசு கொடுத்த குடும்பத்தின் வாசலில் தேர் கூட நேரம் நிற்கும், அதற்குத்தான் அவ்வளவு பக்தி. இங்கேயும் அதே கணக்கு. வடக்கு வாசல்காரருக்கு ரயில் செம்பு வெட்டுகிற சுரங்கத்தடியில் நிற்கவேண்டும், தெற்கு வாசல்காரருக்குத் துறைமுகத்தடியில் நிற்கவேண்டும்.

சின்ன நாட்டுக்காரரோடு ஓர் இஞ்சினியர் வந்திருந்தார். மெலிந்த மனிதர், கோட்டு இரவல் வாங்கியது போலத் தொங்கும். மற்றவர்கள் சாப்பிடப் போனதும் வரைபடத்தின் முன்னால் தனியே இருப்பார். நான் கோப்பை எடுக்கப்போனபோது தன்னுடைய ஊரைத் தொட்டுக் காட்டினார். இரண்டு நாடுகள் கீறிய கோடுகளும் அந்த ஊரை விலத்திக்கொண்டுதான் போயின. ஏற்றுவதற்கு அங்கே மனிதரைத் தவிர வேறொன்றும் இல்லை. அவருடைய மனைவியைப் பிள்ளைப்பேற்றுக்கு லொறியில் தலைநகரத்துக்குக் கொண்டுபோகும்போது வழியிலேயே தாயும் பிள்ளையும் போய்விட்டார்களாம். தன் ஊரிலும் ஒரு ஸ்ரேசன் வந்துவிட வேண்டும், அதற்காகத்தான் இந்தக் குளிருக்குள் வந்தேன் என்றார்.

என் ஊருக்கு ரயில் உண்டா என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீசில், முன்பு ஓடியது, இப்போது யுத்தம், தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பங்கர்களுக்குள் இருக்கின்றன என்றேன். எந்தப் பக்கத்தார் எடுத்தார்கள் என்றார். இரண்டு பக்கத்தாரும்தான், அந்த ஒரு விஷயத்தில் அவர்களுக்குள் நல்ல ஒற்றுமை என்றேன். அவர் சிரித்தார். பிறகு என் நெற்றியைப் பார்த்து, நீ கும்பிடுகிற ஆள் போலிருக்கிறது, எனக்காகவும் ஒரு சொல் சொல்லு என்றார்.

அவருக்காக ஓர் அர்ச்சனை செய்யவேணும் என்று வீட்டில் சொன்னேன். மனைவி அகப்பையைக் கீழே வைத்தாள்.

"இஞ்சாருங்கோ, உங்கடை தம்பியை இஞ்சை கூப்பிடுற ஸ்பொன்சர் அசையாமல் கிடக்குது. அதுக்கு ஒரு தேங்காய் உடைக்கேல்லை. ஊர் பேர் தெரியாத றெயிலுக்கு அர்ச்சனையோ?"

ஆனாலும் அடுத்த நாள் லீவு எடுத்து, சப்வேயும் பஸ்ஸும் மாறி, பனிக்குள் நடந்து, றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிடம் போனோம். ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு பெயரும் நட்சத்திரமும் கேட்டார். ஒரு ஸ்ரேசனுக்கு என்றேன்.

"நட்சத்திரம்?"

"இன்னும் பிறக்கேல்லை, ஐயா."

ஐயர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுச் சுவாமி பேரிலேயே செய்துவிட்டார். நான் கண்ணை மூடி, அந்த ஊரில் ஒரு ஸ்ரேசன் வரவேணும் என்று மனமுருகிக் கேட்டேன்.

கடைசி நாள் அதிசயம் நடந்தது. பெரியவர்கள் இருவரும் சமாதானமானார்கள். துறைமுகத்திலிருந்து ஒருவர் போடுவார், சுரங்கத்திலிருந்து மற்றவர் போடுவார், ஆளுக்குப் பாதி. ஆனால் அவரவர் நாட்டு அகலத்தில்தான் தண்டவாளம். அகலம் வேறென்றால் ஒருவர் ரயில் மற்றவர் பாதையில் ஓடாது, சந்திக்கிற இடத்தில் சாமானை இறக்கி ஏற்றவேண்டும். சந்திக்கிற இடம் இரண்டு பேருக்கும் வேண்டாத ஊராக இருந்தால்தான் நியாயம் என்று வரைபடத்தில் தேடினார்கள். இஞ்சினியரின் ஊர்தான் அகப்பட்டது. அங்கே ஆளுக்கொன்றாக இரண்டு ஸ்ரேசன்கள்.

இஞ்சினியர் குசினிக்குள் ஓடிவந்து, கையில் தட்டோடு நின்ற என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்.

"பிள்ளையார் டபுளாத் தந்திட்டார், அண்ணை" என்றான் அன்ரன். நானும் கொஞ்சக் காலம் பெருமையாகத்தான் திரிந்தேன்.

பல வருடம் கழித்து, ஸ்ரௌவ்வில்லில் மூத்த மகளின் பக்கத்து வீட்டை அந்தச் சின்ன நாட்டு நேர்ஸ் பிள்ளை ஒருத்தி வாங்கினாள். ரயிலைப் பற்றிக் கேட்டேன். ஸ்ரேசன்கள்தான் முதலில் எழும்பினவாம், யாருடைய கொடி முதலில் ஏறுவது என்ற போட்டியில். அதற்குப் பிறகு வடக்கு வாசல்காரருக்கு வீட்டிலேயே பிரச்சினை வந்து கையை எடுத்துவிட்டார்கள். போட்டிக்காரன் இல்லாத இடத்தில் எனக்கென்ன உபயம் என்று மற்றவரும் போய்விட்டார். தண்டவாளம் வரவேயில்லை. ஒரு ஸ்ரேசனில் ஆடு கட்டுகிறார்கள். மற்றது சும்மா கிடக்கிறதே என்று ஆஸ்பத்திரி ஆக்கிவிட்டார்கள். பிள்ளைப்பேற்றுக்கு இப்போது ஒருவரும் லொறியில் போவதில்லை. அவள் வேலை பழகியதே அந்த ஆஸ்பத்திரியில்தான். இஞ்சினியரைத் தெரியுமா என்றேன், தெரியாது என்றாள்.

மனைவியிடம் வந்து சொன்னேன். அவள் யோசிக்கவேயில்லை.

"நீங்கள் ஸ்ரேசன் கேட்டனீங்கள், அவர் தந்தார். றெயில் கேட்டனீங்களோ?"

இன்று அந்த ஹோட்டல் இல்லை, உயரமான கொண்டோக் கட்டிடம் நிற்கிறது. அன்ரன் கல்கரிக்குப் போய்த் தொடர்பு விட்டுப்போயிற்று. எங்கள் ஊருக்கு ரயில் திரும்ப வந்துவிட்டது, அதற்கும் கடன் கொடுத்த ஒரு வாசல்காரர் இருக்கிறார் என்று கேள்வி. ஒரு ஊருக்கு ஸ்ரேசன் வருவதற்காகக் குசினி வாசலால் வந்துபோன அந்த மனிதர் மட்டும் இருக்கிறாரோ இல்லையோ, தெரியாது.

இதை வேறு யாருக்கும் சொல்வதென்றால் நான் சொன்னபடியே சொல்லுங்கள். பிள்ளையாருக்குப் பெருமையாக இருக்கட்டும் என்று நினைத்து, கடைசியில் ரயில் ஓடியதாக மட்டும் சேர்த்துவிடாதீர்கள்.