சுவருக்கு வெளியே, புங்கமரத்தருகே

என் குறிப்பேட்டில் 1968 மார்ச் மாதத்தில் இப்படி ஒரு பதிவு இருக்கிறது: “பெண் குழந்தை. ஞானஸ்நானத்துக்கு முன்பே போய்விட்டது. சுவருக்கு வெளியே.”

சுவர், பாகலூர்ப் பக்கம் எங்கள் கல்லறைத் தோட்டத்தின் சுவர். ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளை அந்நாளில் உள்ளே புதைப்பதில்லை. வெளியே ஒரு புங்கமரம், அதையடுத்து யாரோ ஒருவரின் ராகிக் கொல்லை. மரத்தடியில் வேர் குறுக்கிட்டதால் கொல்லைக்குள் சற்றுத் தள்ளிக் குழி எடுக்க வேண்டியதாயிற்று. நிலத்துக்காரரை நான் கேட்கவில்லை. குழந்தையைப் பெற்ற என் மனைவி அப்போது பாயை விட்டு எழவில்லை. “புங்கமரத்துப் பக்கம்” என்று மட்டும் அவளிடம் சொன்னேன்.

எழுந்து நடமாடத் தொடங்கியதும் கோவிலில் பூசை முடிந்து பங்குச் சாமியாரிடம் அவள் கேட்பது ஒன்றுதான்: “கொழந்த இப்போ எங்க சாமி இருக்கும்?” அவர் நல்லவர். தெரியாததைத் தெரியும் என்று சொல்லத் தெரியாதவர். வீடு திரும்பிச் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவாள்.

ஈஸ்டர் கழிந்து கோடை மழை பெய்தது. “ஏர் கட்டிடுவாங்க. மேலயே ஓட்டிடுவாங்க” என்றாள். மறுநாள் காலையில் இருவரும் போனோம்.

கொல்லை பாதி உழுதாகிவிட்டது. செம்மண் ஈரமாகப் புரண்டு கிடந்தது. ஆனால் ஓரிடத்தில் மட்டும் ஏர்ச்சால் வளைந்து விலகிப் போயிருந்தது. நடுவே ஒரு பாயளவு நிலம் உழப்படாமல் இருந்தது. அதன்மேல் புங்கம்பூ வெளுப்பாக உதிர்ந்து கிடந்தது.

வரப்பில் நின்றிருந்த நிலத்துக்காரரின் மனைவி, “வந்தியாம்மா” என்றாள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். “எங்களுதும் ரெண்டு அந்த மூலையில இருக்குது. பச்சக் கொளந்தைங்கள நாங்க சுட மாட்டோம். கொல்லயிலதான் வெப்போம்.”

“வருசா வருசம் ஏர் ஓட்டறப்போ?” என்றாள் என் மனைவி.

“மாடு தானா ஒதுங்கிக்கும். இவருக்குத்தான் ரெண்டு தடவ சொல்லணும்.”

ஏர் பிடித்திருந்தவர் திரும்பிப் பார்க்காமல், “அந்த மாட்டையே கட்டியிருக்கலாமில்ல நீ” என்றார்.

என் மனைவி பூவின்மேல் உட்கார்ந்தாள். அழவில்லை. மரத்தில் தேனீக்களின் இரைச்சல் ஒரே சீராக இருந்தது. வெயில் ஏறிய பிறகு அந்த அம்மாள் களியும் அவரைக் குழம்பும் கொடுத்தாள். என் மனைவி முழுதும் சாப்பிட்டாள்.

திரும்பும் வழியில், “சாமியார இனிமே கேக்க மாட்டேங்க” என்றாள். “எங்கன்னு எனக்கே தெரியுது.” பிறகு அவள் கேட்கவும் இல்லை.

புது மண்ணைக் கண்டு உழவரே ஏரை விலக்கியிருக்கலாம். ஆனால் அன்று காலை நான் வழிகாட்டும் முன்பே அவள் அந்த இடத்துக்கு நேராக நடந்தாள். அந்த அம்மாளும் நாங்கள் யாரென்று கேட்கவில்லை. எனக்குத் தெரியாமல் முன்பே தனியாகப் போய் அவர்களிடம் பேசியிருந்தாளா என்பதை இன்றுவரை நான் உறுதி செய்துகொள்ளவில்லை.