பாவாவின் போர்வையை நான் பிடுங்கிய நாள்

குழந்தைகளே, சண்டைக் காலத்தில் நானும் என் அக்கா கணவர் முனுசாமி பாவாவும் திருத்தணியிலிருந்து வடக்கே பனிமலைக்கு ரோடு போடும் வேலைக்குப் போனோம். ஏறத் தொடங்கிய இரண்டாம் நாளே பாவாவுக்குத் தலைவலியும் வாந்தியும் வந்தன. ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"தல வெடிக்குதுடா. கீழ எறங்கிடலாம்."

"இன்னா பாவா, நம்ம ஊரு மலையில காவடி தூக்கிகினு ஒரே மூச்சுல ஏறுனவரு, இங்க குந்திகினு அழுவுறீங்களே!" என்றேன்.

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. அவருடைய போர்வையைப் பிடுங்கிக்கொண்டு முன்னே நடந்தேன். குளிர் தாங்காமல் அவரும் தள்ளாடியபடி பின்னால் ஏறினார்.

மறுநாள் காலை வாயில் நுரையோடு செத்துக் கிடந்தார். கழுதை ஓட்டிவந்த மலைக்காரர், "உயரம் போனால் இப்படித்தான் ஆகும். நேற்றே இறக்கியிருந்தால் பிழைத்திருப்பார்" என்று இந்துஸ்தானியில் சொன்னார்.

அக்காவிடம் ஜுரம் என்று பொய் சொன்னேன். போன வருஷம்தான் உண்மையைச் சொன்னேன். அவள் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

இப்போது எங்கள் ஊரிலிருந்து யாராவது பத்ரி யாத்திரை கிளம்பினால் தேடிப் போய்ச் சொல்கிறேன்: "மெல்ல ஏறுங்க. தலவலி, வாந்தி வந்தா ஒடனே எறங்கிடுங்க."

"இதெல்லாம் உனக்கு யாருப்பா சொன்னது?" என்று கேட்பார்கள்.

"எங்க பாவா சொன்னாரு. நான் கேக்கல."