ஞாயிற்றுக்கிழமைக் கருப்பட்டி

கடையில் கருப்பட்டி உடைக்கும் வாசனை வந்தால் போதும், ராதாபுரம் பக்கம் இன்று ஒற்றைப் பனைகூட இல்லாத அந்தச் செம்மண் காட்டில், அம்மா பதநீர் காய்ச்சிய எங்கள் ஓலைக் குடிசை, அந்த விடிலி, புகையோடு எழுந்து நிற்கிறது. வெள்ளைக்காரப் பாதிரி ஐயரின் உத்தரவென்று, ஞாயிற்றுக்கிழமை பனையேறுவது பாவம் என உபதேசியார் வாராவாரம் வந்து கடிந்துகொள்வார். ஒருநாள் சீவாவிட்டாலும் பாளை காய்ந்துவிடும் என்று அம்மா பாகைக் கிண்டிக்கொண்டே சொல்வாள். கடைசியில் அவரே இறங்கிவந்தார்.

"சரி, உம் புருசன் ஏறட்டும். அன்னைக்குள்ள கருப்பட்டியைக் கோயிலுக்குக் குடுத்திரு."

"அப்போ அந்தப் பாவம் எங்கன போச்சு, அய்யா?"

"ஜெபிப்போம்," என்றார்.

எத்தனை ஞாயிறு கேட்டாலும் அதே பதில். எனக்கு இன்றும் எரிகிறது. அவர் நீட்டி முழக்கி ஜெபிக்க, பாகு பொங்கியது. அம்மா கண்ணை மூடவில்லை. நானும்தான்.