பற்றவைத்த இடம்

சைக்கிள் கடையில் அவர் குந்தி உட்கார்ந்து, முன் ஃபோர்க்கை அமுக்கி அமுக்கிப் பார்த்தது கண்ணிலேயே நிற்கிறது. வாங்கப்போவது நான். பார்த்தது அவர். எங்கள் ஆலையில் ஸ்டோர்ஸ் கவனிப்பவர். என்னைவிட ஆறேழு வயது சின்னவர். புனேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், தமிழில் ஆரம்பித்து இந்தியில் முடிப்பார். நான் ஆத்தூர்ப் பக்கம். எட்டாவதோடு சரி. புனே பக்கத்து ஆகுர்டிக்கு வந்து இருபது வருடமாக வெல்டர். ஞாயிறு காலையில் இரண்டு பேரும் தேஹு ரோடு பக்கத்துக் குன்றுகளில் சைக்கிள் ஓட்டுவோம். அவர் பேசிக்கொண்டே ஏறுவார், நான் கேட்டுக்கொண்டே ஏறுவேன். "அண்ணாகிட்ட ஒரு வார்த்தை வாங்க மேனேஜர் சைன் வேணும்" என்பார். இறங்கியதும் அவல் போஹா, டீ. அவ்வளவுதான் பழக்கம். எனக்கு இந்த ஊரில் வேறு ஆள் கிடையாது.

புதுச் சைக்கிளைப் பற்றி ஒரு மாதம் பேசினோம். முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ளதன் மேல் எனக்கு ஆசை. அவர் வேண்டாம் என்றார். நம் குன்றில் மேடு அதிகம், பின்னால் ஸ்பிரிங் இருந்தால் மிதிக்கிற பலத்தில் கொஞ்சம் அதற்கே போகும், கனமும் கூட என்றார். முன்னால் மட்டும் நல்ல காற்று ஃபோர்க், எண்ணெயில் பிடிக்கிற டிஸ்க் பிரேக், அகல டயர் போதும், மற்றதைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். என்னை இரண்டு அளவு வண்டியிலும் ஏற்றி இறக்கி, சின்னதுதான் எனக்குச் சரி என்று முடிவு செய்தார். அவர் சொன்னது அத்தனையும் சரி. இன்றுவரை அந்த வண்டியில் ஒரு குறை இல்லை.

அப்போதுதான் கேட்டார்.

"பழசுல என்ன ப்ராப்ளம், அண்ணா? மஸ்த்தா ஓடுதே."

"பிரேக் பத்தலை" என்றேன்.

பொய். பழைய வண்டியில் ஹேண்டிலுக்குக் கீழே, கீழ்க்குழாய் வந்து சேருகிற இடத்தில் ஒரு விரிசல். மயிரிழைதான். கழுவும்போது விரலில் தட்டியது. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் ஆலைக்குள் கொண்டுபோய் ஆர்கான் வெல்டிங் அடித்தேன். கிரைண்டர் போட்டு வழித்து, பெயிண்ட் அடித்து, மேலே ஒரு ஸ்டிக்கர் ஒட்டினேன். யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அலுமினியத்தைப் பற்றவைத்தால் சுற்றியுள்ள இடம் மெத்தென்று ஆகிவிடும். முழுச் சட்டத்தையும் மறுபடி சூட்டில் வைத்துப் பதப்படுத்த வேண்டும். என் தொழில் அது, எனக்குத் தெரியாததில்லை. அதற்குப் பிறகு புது வண்டி வரும்வரை ஏதேதோ சாக்குச் சொல்லி, நான் அதில் ஒருமுறைகூடக் குன்று இறங்கவில்லை.

புதியது வந்தால் பழையது வெளியே போக வேண்டும், ஒரு ரூம் வீட்டில் இரண்டு சைக்கிளுக்கு இடமில்லை என்று மனைவி சொல்லிவிட்டாள். அவருடைய வண்டியோ சாதா கியர் சைக்கிள். "எனக்கே குடுங்க அண்ணா" என்றார். உடைத்துப் போட வேண்டியதைக் கொடுத்தேன். இது விரிசல் விட்ட வண்டி என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? சொல்லவில்லை. என் வேலை நிற்கும் என்று ஒரு கர்வமும் இருந்தது. அவர் துடைத்துத் துடைத்து ஓட்டினார். நான் அவருக்குப் பின்னால், அந்த வண்டியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இறங்கினேன். ஏழு மாதம் அப்படிப் போனது.

மழை விட்ட ஒரு ஞாயிறு, சரளை இறக்கத்தில் வண்டி இரண்டாகப் போனது. நான் பற்றவைத்த தையல் அப்படியே இருந்தது. அதன் ஓரத்தில்தான் முறிந்திருந்தது. அவருக்குக் காறை எலும்பு உடைந்து, முகம் ஒரு பக்கம் உரிந்துவிட்டது. தலைக்கவசம் இல்லாவிட்டால் நினைக்கவே முடியாது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் மனைவி எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள். அவர் கையைத் துணியில் கழுத்தோடு தொங்கக் கட்டியிருந்தார்கள்.

"சாரி அண்ணா, உங்க வண்டிய ஒடச்சிட்டேன்" என்றார். "ஜம்ப் பண்ணியிருக்கக் கூடாது. தப்பு என்னோடது."

நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று இப்போதும் தெரியவில்லை. அவர் மனைவி கொடுத்த டீயையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

தோள் கூடியதும் அவரே கூப்பிட்டார். புது வண்டி பார்க்க வேண்டும், வெல்டு பார்க்க உங்கள் கண்தான் வேண்டும் என்றார். போன மாதம் அதே கடைக்குப் போனோம். நடுத்தர அளவில் ஒன்றை இறக்கி வைத்தார்கள். ஒவ்வொரு மூட்டாக விரலை ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் சுத்தமாக இருந்தது. அவர் பக்கத்தில் குனிந்து, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பழசு முன்னாடியே விரிஞ்சிருந்துச்சு, தம்பி. நான்தான் பத்தவச்சேன்."

அவர் குனிந்தபடியே கேட்டார்.

"எனக்குக் குடுக்கறதுக்கு முன்னாடியா?"

"ஆமா."

அவர் கத்தவில்லை. வண்டியைத் தானே தள்ளிக்கொண்டுபோய் ஸ்டாண்டில் மாட்டினார். கடைக்காரரிடம் மராத்தியில், இன்னொரு நாள் வருகிறேன் என்றார். நான் வெளியே வந்தபோது நாங்கள் வந்த அவர் மோட்டார் பைக் அங்கே இல்லை.

திங்கள்கிழமை வெல்டிங்குக்கு ஃபில்லர் ராடு வாங்க ஸ்டோர்ஸ் ஜன்னலுக்குப் போனேன். எடுத்து வைத்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சரியா இருக்கான்னு பாத்துக்கங்க, சார்" என்றார்.