அக்கா சொல்லும் “ஆச்சு”

மருத்துவமனையில் கொடுத்த டிஸ்சார்ஜ் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கிறது. காலை உணவு உண்டதாக நோயாளியே தெரிவித்தார் என்று அதற்குப் பொருள். அறிக்கையில் தேதி அச்சாகியிருக்கிறது. என் நினைவில் அது சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் தீபாவளி விளக்குகள் ஏற்றிய பிறகு வந்த முதல் வியாழன். அந்த வரியில் பொய் எதுவும் இல்லை. அக்கா அப்படித்தான் சொன்னாள்.

அக்காவுக்கு மறதி நோய் வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. சர்க்கரை அதற்கும் முந்தியது. அத்தான் இறந்த பிறகு மார்சிலிங்கில் என்னோடு இருக்கிறாள். வீட்டு வேலைக்கு இருக்கும் மியன்மார்ப் பெண் காலையில் இட்லி கொடுத்து, இன்சுலின் போட்டு, வியாழக்கிழமைகளில் அவளை லிட்டில் இந்தியாவுக்கு அழைத்துவருவாள். நூலகத்திலிருந்து நான் வந்து சேர்ந்துகொள்வேன்.

அன்று நான் வந்தபோது அக்கா ஒரு பூக்கடை முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்திருந்தாள். ரவிக்கை வேர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். அதில் ஒரு சொல்கூட முழுசாக இல்லை. இந்த நோயைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். அடுத்த கட்டம் வந்துவிட்டது, இப்படித்தான் வரும்போல, என்று நினைத்துக்கொண்டு கை கால் ஓடாமல் நின்றேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவர் பூக்கடைக்காரர்தான்.

ஆம்புலன்ஸில் வந்த தமிழ்ப் பையன் அவள் விரலில் குத்திப் பார்த்தான். “சுகர் லோ, அங்கிள். ரொம்ப லோ,” என்றான்.

அவசரப் பிரிவில் குளுக்கோஸ் இறங்கியதும் அக்கா திரும்பி வந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்து, “ஷேவ் பண்ணாம எவன் கல்யாணத்துக்குடா வந்திருக்க?” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. காலையில் சாப்பிட்டாரா என்று டாக்டர் கேட்க, நான் தமிழில் கேட்டுச் சொன்னேன். ஆச்சு என்றாள். அப்படியானால் ஊசி இரண்டு தடவை போடப்பட்டதா என்று டாக்டர் வேலைக்காரப் பெண்ணைக் கேட்டார். அவள் முகம் வெளிறிவிட்டது. ஒரு தடவைதான், அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் போட்டேன், தட்டும் காலியாக இருந்தது என்றாள். காலையில் போட்ட மருந்து சாயங்காலம் வரை உடம்பில் வேலை செய்யும், மதியம் ஒழுங்காகச் சாப்பிட்டால் டிரிப்பை நிறுத்திவிட்டுக் கவனிக்கலாம் என்றார் டாக்டர்.

பதிவு முகப்பில் கூப்பிட்டார்கள். போய்த் திரும்பினால் டிரிப் நிறுத்தப்பட்டிருந்தது, சாப்பாட்டுத் தட்டும் இல்லை. அம்மா சாப்பிட்டுவிட்டார் என்று மலாய்த் தாதி மலர்ந்த முகத்தோடு சொன்னார். எனக்கும் நிம்மதியாக இருந்தது, அக்காவின் நெற்றியைப் பார்க்கும் வரை. முத்து முத்தாக வேர்த்திருந்தது. கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அப்பா இன்னும் வரவில்லையா என்று கேட்டாள்.

இதைத்தான் அவள் வீட்டிலும் தினமும் கேட்கிறாள். பேசுவது நோயா, இறங்கும் சர்க்கரையா? எனக்குத் தெரியவில்லை. தாதிக்கும் தெரியவில்லை. புது இடத்தில் இவர்கள் இப்படித்தான் குழம்புவார்கள், இன்னும் கொஞ்ச நேரத்தில் எப்படியும் விரலில் குத்திப் பார்ப்போம் என்று தேற்றினார். அக்கா சாப்பிட்டதைப் பார்த்தது யார் என்று கேட்டேன். தட்டை எடுத்துப் போனது வேறு ஆள். தான் வந்து கேட்டபோது அம்மாவே சொன்னார் என்றார்.

எப்படிக் கேட்டார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. சுடா மாக்கான்? சாப்பிட்டாச்சா? இந்த ஊரில் எந்த மொழிக்காரரும் பார்த்தவுடன் கேட்பது அது. அதற்கு யாரும் கணக்காகப் பதில் சொல்வதில்லை. இன்னும் இல்லை என்றால் கேட்டவர் நமக்குச் சோறு போட வேண்டியிருக்கும். அக்கா தன் பிள்ளைகளின் பெயரை மறந்துவிட்டாள், இந்த மரியாதையை மறக்கவில்லை.

விளக்கிக்கொண்டிருக்க நேரம் இல்லை. தாதியை அருகில் நிற்கச் சொல்லிவிட்டு, அவருக்குப் புரியட்டும் என்று அக்காவிடம் மலாயிலேயே, அத்தான் சாப்பிட்டாச்சா என்று கேட்டேன். “அபாங் சுடா மாக்கான்?”

“சுடா,” என்றாள் அக்கா. ஆச்சு. பிறகு தாதி பக்கம் திரும்பி, நாக்குக் குழறியபடி, “மிஸ்ஸி சுடா மாக்கான்?” என்றாள்.

அவள் கணவர் உயிரோடு இல்லை என்றேன்.  தாதி சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்தார், விரலில் குத்தினார், எண்ணைப் பார்த்ததும் திரைக்கு வெளியே குரல் கொடுத்தார். என்னை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். அக்காவின் கண் மேலே செருகுவதைத் திரையின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். கம்பியிலிருந்து ஒரு கை நழுவி விழுந்தது. யாரோ அவளை அம்மா, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அவளுக்கு அந்தக் குரல் கேட்டதாகத் தெரியவில்லை.

எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் குறித்துவைக்கிற நான் அன்று கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. திரையை விலக்கியபோது குளுக்கோஸ் மறுபடி இறங்கிக்கொண்டிருந்தது, அக்கா கண்ணைத் திறந்திருந்தாள்.

“பசிக்குதுடா,” என்றாள்.

வெளி ஆட்கள் முன்னால் அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. தாதி கஞ்சி வரவழைத்துத் தானே ஊட்டினார். ஒவ்வொரு வாயும் உள்ளே இறங்கிய பிறகுதான் அடுத்ததைக் கொடுத்தார். தலைமாட்டுப் பலகையில், சாப்பிட்டாரா என்று இவரைக் கேட்க வேண்டாம், சாப்பிடுவதைப் பார்க்கவும் என்று எழுதிவைத்தார். எங்கள் வீட்டில் இப்போது அதுதான் வழக்கம்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. அன்று காலை அவள் சாப்பிடவில்லை என்றால் சர்க்கரை இறங்கியதற்குக் காரணம் தெரிந்துவிட்டது. சாப்பிட்டிருந்தால் வேறு காரணம் இருக்கிறது, அது திரும்பவும் வரலாம் என்றார் டாக்டர். பரிசோதனைகளில் எதுவும் அகப்படவில்லை. குப்பைப் பையில் இட்லி இல்லை. தலையணைக்கு அடியில் இல்லை. சமையலறை ஜன்னல் விளிம்புக்கு மைனாக்கள் வருவதுண்டு, ஆனால் அன்று வந்ததை யாரும் பார்க்கவில்லை. அந்த இட்லியை அக்காதான் சாப்பிட்டாளா என்பது, இதை எழுதும் இன்று வரை, உறுதிப்படவில்லை.